நம்பர் போட்ட மரங்கள்

வயலாம்பேடு,
22.2.2025

அன்பு மகள் கலைமதிக்கு,

நம் ஏரியில் அறுபத்து நாலு கருவேல மரங்களை வெட்டிச் சாய்த்தது நீ. ரம்பம் பிடித்தவன் வேறு ஆள், டிராக்டரில் ஏற்றிப் போனவன் வேறு ஆள், வெட்டியது நீ. இப்படி ஆரம்பித்துவிட்டு நலமா என்று கேட்பது முறையில்லை, ஆனாலும் கேட்கிறேன், நலமாக இரு. ராட்டர்டாமில் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் ஓடி அறை கதகதப்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறாய், அந்தக் கதகதப்பு உனக்குக் குறையாமல் இருக்கட்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அப்பா பதின்மூன்று நாளாக ஜெயிலில் இருக்கிறார். உடைந்த வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உள்ளே போனவர், கட்டுக்குள் எறும்பு ஏறிக் கடிக்கிறது, ஒரு குச்சி விட்டுச் சொறியக்கூட விடமாட்டேன் என்கிறார்கள் என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். உன் தம்பி ராஜசேகரை ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கேட்டில் நிறுத்தி கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், கான்ட்ராக்ட் ஆளுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லையாம். நான் மட்டும் இன்னும் ஃபேக்டரி கேன்டீன் வேலைக்குப் போகிறேன், முதல் ஷிஃப்டுக்கு எண்ணூறு தட்டு கழுவுகிறேன். தோளில் விழுந்த அடி கறுத்துப் பச்சையாகி இப்போது மஞ்சளாகிவிட்டது, கையைத் தூக்க முடிகிறது, கவலைப்படாதே.

ஏன் கடிதம் என்று நினைப்பாய். என் போனை அப்பாவைப் பிடித்த அன்றைக்கே போலீஸ்காரர்கள் சாட்சிப் பொருள் என்று எடுத்துப் போய்விட்டார்கள். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் அதில்தான் இருக்கிறது. அதைக் கொடுங்கள் என்று நம் வக்கீல் சசிகலா கேட்டால், போன் ஆன் ஆகவில்லை, தண்ணீர் புகுந்துவிட்டது என்கிறார்கள். நான் கொடுக்கும்போது ஆனில்தான் இருந்தது, உன் படம்தான் முகப்பில் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா போனிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். இரண்டு முறை நீ எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, "அம்மா, கம்பெனில லீகல் டீம் இதப் பத்தி யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, உன்கிட்டகூட" என்றாய். நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். கோவிந்தம்மா, "இன்னாடி அம்சா, இன்னா சொல்லிச்சு கலை, அப்பாவ வெளிய எடுக்க ஏற்பாடு பண்ணிகினு இருக்குதா" என்று ஆசையாகக் கேட்டாள். டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னை ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று இன்னும் என் வாய் தானாகப் பொய் சொல்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதி சுங்குவார்சத்திரத்தில் கூரியர் போடுகிறேன். கூடவே ரசப்பொடி வைத்திருக்கிறேன், போன மாதம் இருமிக்கொண்டே பேசினாய், மிளகு தூக்கலாகப் போட்டிருக்கிறேன், வெந்நீரில் கலக்கிக் குடி, ஈரத் தலையோடு சைக்கிளில் போகாதே.

இந்த வேலை உன் கைக்கு வந்தபோது நீ எப்படிக் குதித்தாய் என்பதை நான் மறக்கவில்லை. நம் ஏரிக்கு மேற்கே தொழிற்பூங்கா கட்டும் கம்பெனி, ஃபேக்டரியும் ரோடும் வரட்டும், பறவையும் வயலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் போட்டுத் தரச் சொல்லி உன் ஆபீஸுக்கே வேலை கொடுத்திருக்கிறது, உலகத்தில் எவ்வளவோ இடமிருக்க நம் ஊரே என் மேஜைக்கு வந்திருக்கிறது என்றாய். "ஒரு மரத்த மட்டும் பாக்கக்கூடாதும்மா, ஒரு ஏரிய மட்டும் பாக்கக்கூடாது, ஏரி, வயல், மாடு மேயற மேய்க்கால், ஃபேக்டரி, ரோடு, ஜனங்க எல்லாத்தையும் ஒரே நிலப்பரப்பா வெச்சுப் பாக்கணும், எல்லாரும் ஒரே மேஜைல உக்காந்து பேசணும்" என்று அரை மணி நேரம் விளக்கினாய். அப்பா மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "இத்தப் படிக்கவா அவ்ளோ தூரம் போனா? ஏரி மரத்துல தூங்குற நத்தகுத்தி நம்ம கயனிலதான் நத்த பொறுக்குது, அது எச்சம் போட்ட தண்ணி பாஞ்சா யூரியா பாதி போதும், இதான அது" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய், அதேதான்ப்பா, அதை இங்கிலீஷில் எழுதினால்தான் காசு கொடுப்பார்கள் என்றாய். பெருமையாக இருந்தது எனக்கு, அதை மறைக்க மாட்டேன். டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டல் ஹாலில் கூட்டம் போட்டார்கள், நீ திரையில் அங்கிருந்து பேசினாய். நீ சொன்ன மேஜை அங்கே இருந்தது, வெள்ளைத் துணி விரித்து பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள், கம்பெனி ஆட்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஊர்க்காரர்கள் நாங்கள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். திரையிலிருந்து உனக்குச் சுவரோரம் தெரிந்திருக்காது. வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மிக்சர் பொட்டலம் கொடுத்தார்கள். அந்த நோட்டுதான் இன்றைக்குக் கோர்ட்டில் கிராமத்தின் சம்மதக் கடிதமாக நிற்கிறது. நம் ஊர் சம்மதம் மிக்சர் தின்று கொடுத்தது.

ஜனவரியில் பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் நீ கூப்பிட்டாய். எண்பதடி ரோடு ஏரியின் மேற்கு மூலையில் தண்ணீருக்குள்ளேயே போகிற மாதிரி போட்டிருக்கிறார்கள், அறுபது மரத்துக்கு மேல் கூடு இருக்கிறது என்று காட்டினால் ரோடு சுற்றித்தான் போக வேண்டும், கூடு உள்ள மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றாய், பிறகு அதையே வாய்ஸ் மெசேஜிலும் சொல்லி அனுப்பினாய். அப்பாவுக்கு அங்கேயே முகம் மாறிவிட்டது. "ஏரி மரத்துக்கு நம்பர் போட்டா அது வெட்றதுக்குத்தான் கலை, வேற எதுக்கும் இந்த ஊர்ல நம்பர் போட்டது கெடையாது" என்றார். உனக்கு அது தெரியாமல் இல்லை. ஏரி மரம் ஏலம் போகிற வருஷத்தில் நெஞ்சு உயரத்தில் உள்ளங்கை அகலம் பட்டையைச் செதுக்கி, வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டுப் போவார்கள், அடுத்த வாரம் ரம்பம் வரும், நீ எட்டாவது படிக்கும்போது கரையில் நின்று எண்ணியிருக்கிறாய். நம்பர் வேண்டாம், துணி கட்டுகிறேன் என்றார் அப்பா. துணி காற்றில் போய்விடும், போட்டோவில் நம்பர் தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் என்றாய். அப்படியென்றால் சிவப்பிலாவது போடுகிறேன் என்றார், எந்தக் கலராக இருந்தாலும் சரிப்பா, பளிச்சென்று இருக்கட்டும் என்றாய். வீட்டில் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்தது வெள்ளைதான். படித்த பெண் சொல்கிறாள், சும்மா இழுத்துக்கொண்டிருக்காதே என்று அவரை விரட்டிக்கொண்டு போனவள் நான். இடுப்பளவு தண்ணீரில் நான்கு நாள் இறங்கினோம். அவருடையது ஏல வருஷங்களில் நம்பர் போடும் கூலிக்குப் போன கை, நெஞ்சு உயரத்தில் பட்டையைச் செதுக்காமல் அந்தக் கைக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியவில்லை. அவர் செதுக்கச் செதுக்க நான் எழுதினேன். நாற்பத்தொன்று என்பதை இரண்டு மரத்துக்கு எழுதிவிட்டேன், உனக்குச் சொன்னதும், திரும்ப இறங்காதீங்க, நான் இங்கே 41-A என்று மாற்றிக்கொள்கிறேன் என்றாய். அறுபத்து மூன்று நம்பர், அறுபத்து நாலு மரம். நத்தைகுத்தி, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, எந்த மரத்தில் எத்தனை கூடு என்று தலையில் எச்சம் வழிய வழிய எண்ணிச் சொன்னோம். சூப்பர்ம்மா என்று ஒரு கைதட்டுகிற பொம்மை அனுப்பினாய்.

மாசி பிறக்க நாலு நாள் இருந்தது. அதற்கு முன்னாலேயே ஏரித் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. இந்த வருஷம் மதகு திறந்து மூடுவது நம் வீட்டு முறை, ஷட்டரைத் திருகும் இரும்புக் கம்பி நம் வீட்டில்தான் இருக்கிறது, அப்படியிருக்க யாரோ பூட்டை உடைத்து ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அப்பா போய் மூடினார், மறுநாள் மறுபடி தூக்கியிருந்தது. மேற்கு மூலையில் மரத்தடியெல்லாம் சேறு தெரிந்தது, தண்ணீர் இல்லையென்றால் குஞ்சு தேடி நாய் போகும், அதனால் அப்பா காலையில் போய்த் துரத்திவிட்டு வருவார். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், மிஷின் ரம்பச் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, ஆறு. நான் கரை ஏறுவதற்குள் முப்பது மரம் கீழே கிடந்தது. மரம் விழுந்த சத்தத்தைவிட அதில் இருந்தது விழுந்த சத்தம்தான் பெரியது. பறக்கத் தெரியாத குஞ்சுகள், நம் வீட்டுக் கோழியைவிடப் பெரியவை, கழுத்து மட்டும் நீளமாய் இறக்கையில் பாதிப் பஞ்சு பாதி இறகு, கிளையோடு அடிபட்டுச் சேற்றில் புரண்டு எழுந்து நிற்கப் பார்த்து மறுபடி விழுந்தன. கிளை கழிக்க வந்தவர்கள் காலில் மாட்டுகிறது என்று அவற்றைப் பூட்ஸ் காலால் சேற்றில் அழுத்திக்கொண்டே நடந்தார்கள். ஒருவன் ஒன்றின் கழுத்தைப் பிடித்துச் சுழற்றி, "மச்சி, பிரியாணிக்கு ஆவுமாடா இது" என்றான், இன்னொருவன் "நாறும்டா, நாய்க்குப் போடு" என்றான், அவன் போட்டான், நாய்கள் வரிசையில் நிற்கவில்லை. மேலே தாய்ப்பறவைகள் ஆயிரம் இருக்கும், சத்தம் போடவே இல்லை. நத்தைகுத்திக்குக் குரல் கிடையாது, அலகைத்தான் தட்டும். வானம் முழுக்க யாரோ பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது.

வெட்டுக்கு மேஸ்திரி வேல்ராஜ் என்ற ஆள், வாலாஜாபாத் பக்கம். கையில் ஒரு தாளோடு நின்றான். நிறுத்துடா என்று கத்திக்கொண்டு இறங்கினேன். "யக்கா, கம்முனு ஓரமா நில்லு, மேல உழும். நம்பர் போட்ட மரம்தான் வெட்றோம், ஆர்டர் கீது" என்றான். நம்பர் போட்டவளே நான்தான், அது கூட்டுக்குப் போட்ட நம்பர், வெட்டுவதற்கு இல்லை என்றேன். அவன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "அப்போ இன்னாத்துக்கு யக்கா கத்துற, நீயே போட்டு நீயே அழுவுறியா?" என்றான். அதற்குள் அப்பா அந்தப் பக்கமிருந்து ஓடி வந்து ஒருவன் கையிலிருந்த ரம்பத்தைப் பிடித்து இழுத்தார். அவன் விடவில்லை, இவர் விடவில்லை, பின்னாலிருந்து இன்னொருவன் வெட்டுக்கட்டையால் அப்பாவின் கையில் போட்டான். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கோவிந்தம்மா மகனும் நம் தெருவிலிருந்து பத்துப் பேரும் இறங்கிவிட்டார்கள், சேற்றில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை, என் தோளில் ஒரு அடி விழுந்து நான் குஞ்சுகள் மேலேயே விழுந்தேன், என் நெஞ்சுக்கடியில் ஒன்று உடைந்தது எனக்குத் தெரிந்தது. கை முறிந்து கீழே விழுந்த அப்பாவை வேல்ராஜ் குனிந்து பார்த்து, கையைக் காட்டு பெருசு என்றானோ என்னவோ சொன்னான், உதவி செய்யத்தான் குனிந்தானோ என்னவோ. நான் பார்க்கவில்லை. மதகுக் கம்பியை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தேன் என்றும் நினைவில்லை. இரண்டு கையாலும் தூக்கி அவன் தலையில் போட்டேன்.

ஆமாம், அடித்தது அப்பா இல்லை. நான். இதை நீ அறிய வேண்டும், அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். போலீஸ் வந்தபோது கம்பி அப்பாவின் இடது கையில் இருந்தது, எப்போது என்னிடமிருந்து வாங்கினார் என்றே எனக்குத் தெரியாது. ஸ்டேஷனில் நான்தான் அடித்தேன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டே, "ஏம்மா, புருஷனக் காப்பாத்த ஆளாளுக்கு இதே டயலாக்கத்தான் வெச்சிருக்கீங்க. பதினாலு தையல். பொம்பள அடிச்சா அவ்ளோ கிழியுமா?" என்றார். எண்ணூறு தட்டு கழுவுகிற கை எவ்வளவு கிழிக்கும் என்று அவருக்குத் தெரியாது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்தபடி, "கம்முனு இரு அம்சா, நீ உள்ள போனா வூடு நிக்காது" என்றார், அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. கொலை முயற்சி என்று கேஸ் எழுதினார்கள். எழுதியிருக்கிற கதையையும் கேள். சுப்பிரமணி என்பவர், அதாவது உன் அப்பா, அரசு ஏரி மரங்களுக்குத் தானே நம்பர் போட்டு மேஸ்திரியிடம் திருட்டுத்தனமாகப் பேரம் பேசினார், பங்கு படியாததால் தாக்கினார். அவ்வளவுதான். கூடு இல்லை, குஞ்சு இல்லை, ரோடு இல்லை, நீ இல்லை. அந்த மூலைக்கு ஏலமே நடக்கவில்லை, ஏலம் நடந்தது கரைக்கு வெளியே இருக்கும் வேலிகாத்தான் முள்மரத்துக்கு மட்டும், அந்தத் தாளைக் காட்டித்தான் இதை வெட்டியிருக்கிறார்கள். கேட்டால் நம்பர் போட்டிருந்தது, ஆட்கள் தெரியாமல் வெட்டிவிட்டார்கள், தப்பு நம்பர் போட்டவன்மேல் என்கிறார்கள். பத்து நாள் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், நம் முட்டாள்தனத்தால் நடந்த கோளாறு என்று, வெள்ளை பெயிண்டை நினைத்துச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து வேல்ராஜைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, செத்துவிடுவானோ என்று பார்க்கப் போனேனா தெரியாது. தலை முழுக்கக் கட்டு, ஒரு கண் மூடியிருந்தது, அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்மேல் பாய்ந்தாள், முடியைப் பிடித்தாள், நான் விட்டுவிட்டேன். அவன்தான், "உடுடி, நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப" என்று தடுத்தான். என்னைப் பார்த்து, "அடி கரெக்டா உழுந்துச்சு யக்கா, போலீசு உன் ஊட்டுக்காரர் பேரச் சொல்லச் சொல்லுச்சு, சொல்லிட்டேன், நானும் கூலிதான்" என்றான். பிறகு, "ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்க, சேத்துல நின்னுகினு நம்பரத் தேடி வெட்டல நான். நம்பரெல்லாம் வரிசையா டைப் பண்ணி என் கைல குடுத்தாங்க. இதுல கீறது ஒண்ணு நிக்கக்கூடாது, இதுல இல்லாதத தொடக்கூடாதுன்னாங்க" என்று தலையணைக்கடியிலிருந்து ரத்தம் காய்ந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். மரத்தின் சுற்றளவு, இடம், எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிக் கட்டத்தைக் கறுப்படித்திருந்தார்கள், அதில் கூட்டின் எண்ணிக்கை இருந்திருக்கும். நாற்பதுக்கு அடுத்து 41. அதற்கு அடுத்து 41-A. அந்த மரத்தில் A கிடையாது கலை. இரண்டிலும் வெறும் நாற்பத்தொன்றுதான், நான் எழுதியது, நம்பருக்கு மேலே வெட்டிய அடிமூட்டிலும் அப்படியே இருக்கிறது, நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். A உன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. இது கூலியாட்களின் கோளாறு இல்லை, பெயிண்டின் கோளாறும் இல்லை. எந்த மரத்தில் உயிர் இருக்கிறது என்று நாம் எண்ணிக் கொடுத்த பட்டியலை எடுத்து, அதைக் கொண்டே குறி வைத்து, அந்த மரங்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள். கூடில்லாத மரம் இருநூறு இன்னும் நிற்கிறது. இனி யார் வந்து எண்ணினாலும் கூடு பூஜ்யம், ரோடு நேராகப் போகலாம்.

பஞ்சாயத்து ஆபீசில் உங்கள் திட்டத்தின் கடைசி வடிவத்தைப் பெரிய படமாக ஒட்டியிருக்கிறார்கள், உன் பெயர் கீழே இருக்கிறது. ரோடு ஏரிக்குள் போகிறது. பறவைகளுக்கு ஃபேக்டரி மதிலை ஒட்டிக் குட்டை வெட்டி இரும்புக் குழாய் நட்டு அதன்மேல் கூடைகள் வைப்பார்களாம், சுற்றிலும் பசுமை வளையம் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டுச் செடி நட்டாகிவிட்டது. ஒரு மூலையில் போட்டோ, மரத்தில் நம்பர் எழுதுகிற ஒரு பெண்ணின் கை, கண்ணாடி வளையல், முழங்கைவரை எச்சம். சமுதாயப் பங்கேற்புடன் அகற்றப்படும் மரங்கள் என்று கீழே எழுதியிருக்கிறது. அது என் கை. உனக்கு அனுப்பிய போட்டோ. வக்கீல் சொல்கிறார், எதிர்த்தரப்பில் அந்தப் போட்டோவைத்தான் ஜட்ஜிடம் நீட்டி முதல் ஜாமீனை மறுக்க வைத்தார்களாம். மிச்சப் பறவைகள் போன இடத்தையும் சொல்கிறேன், பக்கத்து ஃபேக்டரி ஷீட் கூரைமேல் இருநூறு நத்தைகுத்திகள் போய் நின்றன, எச்சம் பட்டு சோலார் பலகை கெட்டுப்போகிறது என்று செக்யூரிட்டியை விட்டுச் சரவெடி வெடித்துத் துரத்தினார்கள், நான் கேன்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேன்டீனில் எல்லோரும் கைதட்டினார்கள், தீபாவளி வந்துவிட்டதாம்.

நான் ஃபேக்டரி வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை. உன் காலேஜ் ஃபீஸ் ராஜசேகரின் ஓவர்டைம் காசில் கட்டியது, இந்த வீட்டுக்கு ஓடு மாறித் தளம் வந்தது தட்டு கழுவித்தான். புன்செய் விற்ற பணத்தில் பைக் வாங்கி லாரிக்கடியில் போன பையன்கள் நம் தெருவிலேயே இரண்டு பேர், அதனால் விவசாயம்தான் சொர்க்கம் என்றும் நான் பாடவில்லை. நீ சொன்னதே சரி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். அப்படியானால் முழுதாகப் பார். ரம்பம் ஓட்டியவனின் கூலி, கீழே விழுந்தவரின் கை, கம்பியைத் தூக்கிய என் கை, ராட்டர்டாமில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் உன் கை, அத்தனையும் அந்த நிலப்பரப்பில்தான் இருக்கிறது. படத்தில் பச்சை அடித்த இடத்தில் அப்பாவின் எலும்பு உடைந்தது. நீ கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. விசா போய்விடும், வேலை போய்விடும், கடன் நிற்கிறது, பயம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. ராஜசேகர் உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறான், அக்கா நம்மளக் காட்டிக் குடுத்துடுச்சு என்று சுவரைக் குத்தி விரல் வீங்கி உட்கார்ந்திருக்கிறான், நான் அவனை அடக்கி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் அடக்குவேன் தெரியாது, அவனும் ஏதாவது ஒரு கம்பியைத் தூக்குவான்.

மார்ச் நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை அப்பாவின் இரண்டாவது ஜாமீன் மனு வருகிறது. அன்றைக்கு நான் எழுந்து நின்று அடித்தது நான் என்று சொல்லத்தான் போகிறேன், அப்பா என்ன சொன்னாலும் சரி, செய்ததற்கு நான் உள்ளே போகிறேன், அதில் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் செய்யாத திருட்டு அவர்மேல் இருக்கக் கூடாது. நம்பர் போடச் சொல்லி நீ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் உன் போனில் இருக்கும், அவற்றை வக்கீல் சசிகலாவுக்கு அனுப்பு, அவர் மெயில் விலாசம் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. விமானம் ஏறி வர வேண்டாம், அழ வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, இருமல் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், இன்றைக்கும் சொன்னேன்.

போனில் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். அந்தப் பட்டியல் உன்னிடமிருந்து யாருக்குப் போனது? ஒரு பெயர் போதும். கேட்டது யார், எடுத்துக் கொடுத்தது யார், எழுது. கொடுத்தது நீயாக இருந்தால் உன் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
சு. அம்சவல்லி